தலைக்குக் குளித்தல்: கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் சமையற்கட்டும் ஷாம்பு பாக்கெட்டும்

தமிழில் குளிப்பது வேறு, தலைக்குக் குளிப்பது வேறு. முன்னது நாள்தோறும் நடப்பது. பின்னது நாள் பார்த்து, எண்ணெய் காய்ச்சி, சீயக்காய் கரைத்து, வெந்நீர் வைத்து, குளித்த பின் கூந்தலை உலர்த்திச் சிக்கெடுத்து முடிவது வரை ஏறத்தாழ அரை நாளை எடுத்துக்கொள்வது. ஆண்களுக்குப் புதனும் சனியும், பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் என்று அதற்குக் கிழமைகள் வகுக்கப்பட்டிருந்ததே, மாவு அரைப்பது, துணி வெளுப்பது போல அதுவும் வாரத்தின் வீட்டு வேலைகளில் ஒன்றாக எண்ணப்பட்டதைக் காட்டுகிறது. வெந்தயம், கறிவேப்பிலை, தயிர், வடிகஞ்சி என்று இன்று தனித்தனிக் குறிப்புகளாகப் புழங்கும் இயற்கைக் கூந்தல் பராமரிப்பு, இந்த வார வேலையிலிருந்து பிய்த்தெடுக்கப்பட்ட துண்டுகளின் தொகுப்பே ஆகும். அவை முழுமையாக இருந்த காலத்தில் எப்படி இயங்கின, எதனால் கைவிடப்பட்டன என்பதை ஆராயக் கடலூரும் சிதம்பரமும் அடங்கிய நிலப்பகுதியைக் காட்டிலும் பொருத்தமான இடம் அமைவது அரிது. பழந்தமிழ்க் காப்பியம் விரிவாகச் சொல்லும் கூந்தல் நீராட்டு நிகழ்ந்ததாகக் கூறப்படும் புகார் சிதம்பரத்துக்குத் தெற்கே, கொள்ளிடத்தைக் கடந்தால் எட்டிவிடும் தொலைவில் இருக்கிறது. சீயக்காயை அன்றாடப் பழக்கத்திலிருந்து விலக்கிய ஷாம்பு பாக்கெட்டின் வரலாறோ கடலூரில் தொடங்குகிறது.

சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவியின் ஒப்பனை வருணிக்கப்படும் இடத்தில், பத்து வகைத் துவர்களும் ஐந்து வகை விரைகளும் முப்பத்திரண்டு வகை ஓமாலிகைகளும் ஊறிய நீரில் அவள் கூந்தலை நனைத்துக் கழுவிப் பின்னர் அகிற்புகையால் உலர்த்தியதாகச் சொல்லப்படுகிறது. துவர் என்பது வாயில் இட்டால் நாக்கைச் சுருக்கும் சுவையுடைய பட்டை, காய், விதை முதலியவற்றைக் குறிக்கும். விரை என்பது நறுமணப் பொருள். ஓமாலிகை என்பது மணநீர் ஊறவைக்கும் சரக்குகளின் தொகுதி. உரையாசிரியர் அடியார்க்கு நல்லார் தரும் துவர்ப் பட்டியலில் பூவந்தியும் முப்பழமும் இடம்பெறுகின்றன. பூவந்தி என்பது இன்று நாட்டு மருந்துக் கடைகளில் பூந்திக்கொட்டை என்று கேட்டு வாங்கப்படுவது, அதாவது நுரைக்கும் காய். முப்பழம் என்பது கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் ஆகிய மூன்றின் கூட்டு. கணிகையர் மாளிகையின் செல்வச் செழிப்பைக் காட்டும் பகுதி அது என்பதையும், அந்த ஓமாலிகைகளில் பல எந்த உழவர் வீட்டுக்கும் எட்டாதவை என்பதையும் மறுக்க இயலாது. ஆயினும் ஆடம்பரத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் எஞ்சும் அமைப்பு, நுரைப்பது ஒன்று, துவர்ப்பது ஒன்று, மணப்பது ஒன்று, இறுதியில் புகை என்பதாக இருக்கிறது; சீயக்காய், நெல்லிமுள்ளி, வெட்டிவேர், சாம்பிராணி என்று அண்மைக்காலம் வரை வீடுகளில் இருந்த வரிசை அதே அமைப்பின் எளிய வடிவமாகும்.

வீட்டு முழுக்கின் இன்னொரு சாயலைக் கோயிலில் காணலாம். சிவாலயங்களில் திருமுழுக்குக்கு முதலில் எண்ணெய்க் காப்பு, அதனை எடுக்க அரிசி மாப்பொடி, அடுத்து நெல்லிமுள்ளிப் பொடி, பின்னர் மஞ்சள் பொடி, அதன் பிறகே பாலும் தயிரும் இளநீரும் என்று வரிசை செல்வது வழக்கம். எண்ணெயை முதலில் வைத்து, மாவால் அதனை உறிஞ்சி எடுத்து, துவர்ப்பால் எஞ்சியதைக் கழுவும் இந்த ஒழுங்கு சமய விளக்கங்களுக்கு அப்பால் ஒரு நடைமுறை அறிவையும் தாங்கியிருக்கிறது. சிதம்பரத்தில் ஆண்டுக்கு ஆறு முறை மட்டுமே திருமுழுக்குக் காணும் கூத்தபிரானின் திருவுருவம் விரிந்த சடையோடு ஆடும் வடிவம் என்பதும், அக்கோயிலின் பொதுத் தீட்சிதர்கள் தலையின் ஒருபுறம் சாய்த்து முடியும் குடுமியால் ஊரார் கண்ணுக்கு உடனே அடையாளப்படுகிறவர்கள் என்பதும் ஒருபுறமிருக்க, வீட்டுப் பெண்கள் வெள்ளிக்கிழமை செய்ததும் கோயிலில் விழா நாளில் செய்யப்படுவதும் ஏறத்தாழ ஒரே வகைப் பொருள்களைக் கொண்டு ஒரே வரிசையில் நிகழ்ந்தன என்பது கவனிக்கத் தக்கது.

இனிப் பொருள்களுக்கு வரலாம். சமையற்கட்டுப் பொருள் என்று சொல்லப்பட்டாலும் இந்த மரபின் நடுநாயகமான சீயக்காய் சமையற்கட்டில் விளைந்ததன்று, இந்தச் சமவெளியில் விளைந்ததும் அன்று. அது மலைக்காட்டில் முள்ளோடு படரும் ஒரு கொடியின் காய். கல்வராயன், சவ்வாது முதலிய கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் சேகரிக்கப்பட்டுச் சமவெளிச் சந்தைகளுக்கு இறங்குவது. 1993இல் பழைய தென்னார்க்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிக்கப்படும் வரை கல்வராயன் மலையும் கடலூர்க் கடற்கரையும் ஒரே மாவட்டத்துக்குள் இருந்தன என்பதால், மலைக் காயும் கடலோர வெட்டிவேரும் ஒரே கடைப் பலகையில் சேர்ந்ததில் வியப்பில்லை. சீயக்காய்க்கு மாற்றாக மானாவாரி நிலங்களில் அரப்பு பயன்பட்டது. அரப்பு என்பது உசிலை மரத்தின் இலையை நிழலில் உலர்த்தி இடித்த பச்சைப் பொடி; சீயக்காயைவிட மென்மையானது என்றும் குளிர்ச்சி தருவது என்றும் பெயர் பெற்றது. வெட்டிவேரைப் பொறுத்தவரை இந்த மாவட்டத்துக்குத் தனிப் பெருமை உண்டு. கடலூருக்குத் தெற்கே நொச்சிக்காடு, தியாகவல்லி முதலிய கடலோர ஊர்களின் மணற்பாங்கான நிலத்தில் அது பயிராகவே வளர்க்கப்படுகிறது. இறுகிய மண்ணில் அறுந்துபோகும் வேர் மணலில் முழு நீளத்துக்குப் பிடுங்கவரும் என்பதே அதற்குக் காரணம். ரசாயன ஆலைகள் நெருங்கிய சிப்காட் வளாகத்துக்கு அக்கம்பக்கத்திலேயே தமிழகத்தின் மிகப் பழைய கூந்தல் நறுமணம் மண்ணுக்கடியில் வளர்கிறது.

இவை எல்லாம் ஒன்றுசேரும் இடம் வீடன்று, அரவை மில். சீயக்காயோடு பச்சைப்பயறு, வெந்தயம், பூலாங்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, உலர்ந்த செம்பருத்தி, எலுமிச்சைத் தோல் என்று வீட்டுக்கு வீடு மாறும் கணக்கில் சேர்த்து, நான்கைந்து நாள் மொட்டைமாடி வெயிலில் காயவைத்து, மில்லில் கொடுத்து அரைத்து, ஆறவைத்து, சலித்து, தகர டின்னில் அடைத்தால் சில மாதங்களுக்கு வரும். சீயக்காய் அரைக்கும் இயந்திரத்தில் அடுத்துப் பச்சரிசி போட்டால் மாவு கசக்கும் என்பதாலும், அதன் தூசு மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது என்பதாலும், மில்காரர்கள் அதற்கெனத் தனி இயந்திரம் வைப்பார்கள் அல்லது கடைசி நடையாக மட்டுமே ஏற்பார்கள். தும்மலுக்கும் கண்ணெரிச்சலுக்கும் நுரைக்கும் காரணம் ஒன்றே. சாப்போனின் எனப்படும் அந்த வேதிப்பொருளின் ஒரு முனை எண்ணெயோடு ஒட்டும், மறுமுனை நீரோடு ஒட்டும். ஆகவே அது எண்ணெய்ப்பசையைச் சிறு துளிகளாக உடைத்து நீரோடு கொண்டுபோகிறது. சோப்பும் இதையே செய்கிறது. ஆனால் சோப்பு காரத்தன்மை உடையது, கடின நீரில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து கரையாத வெண்படிவமாகத் திரிந்து முடியில் ஒட்டிக்கொள்வது. சாப்போனின் அப்படித் திரிவதில்லை, சீயக்காய்க் கரைசலோ இலேசான அமிலத்தன்மை உடையது. முடியின் புறத்தோல் ஓட்டுக்கூரையில் ஓடுகள் அடுக்கியதைப் போன்ற செதில்களால் ஆனது. காரத்தில் அச்செதில்கள் தூக்கிக்கொள்ளும், மெல்லிய அமிலத்தில் படிந்து கிடக்கும். கடலோரக் கிராமங்களின் உப்பு நீரில் குளியல் சோப்பைத் தலைக்குப் போட்டவர்களின் முடி ஏன் நாராகிப் போயிற்று என்பதற்கும், அதே நீரில் சீயக்காய் தேய்த்தவர்களின் முடி ஏன் அப்படி ஆகவில்லை என்பதற்கும் இதுவே விளக்கம். சீயக்காயின் பெருமையைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் செய்தியும் இதில் உண்டு. இன்றைய ஷாம்புகளில் உள்ள செயற்கை நுரைபொருள்களும் கடின நீரில் திரிவதில்லை. சீயக்காய்க்கு உண்மையில் தோற்றது சோப்பே.

சீயக்காய்த் தூளைக் குழைக்கப் பயன்பட்ட நீர் தனியே பேசப்பட வேண்டியது. வீராணம் ஏரியும் கொள்ளிடமும் பாயும் சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பகுதிகள் நெல் விளையும் நிலம். அங்கே ஒவ்வொரு வேளையும் சோறு வடிக்கப்பட்டது, ஒவ்வொரு வேளையும் வடிகஞ்சி மிஞ்சியது. அந்தக் கஞ்சி மாட்டுத் தொட்டிக்கும், துணிக்குக் கஞ்சி போடவும், தலைக்குக் குளிக்கிற நாளில் சீயக்காயைக் கரைக்கவும் போயிற்று. கஞ்சியிலுள்ள மாவுச்சத்து தூளைக் குழம்பாகப் பிடித்துவைத்துத் தலையிலிருந்து வழிந்துவிடாமல் காக்கிறது. அலசிய பின்னும் முடியின்மேல் மெல்லிய படலமாக நின்று ஒரு முடி மற்றொன்றோடு உராய்வதைக் குறைக்கிறது, அதனால் சீப்பு தடையின்றி இறங்குகிறது. சீனாவின் குவாங்சி மலைப்பகுதியில் யாவோ இனப் பெண்கள் புளித்த அரிசிக் கழுநீரால் கூந்தலை அலசும் வழக்கமும், பழைய ஜப்பானில் அரிசி களைந்த நீரைத் தலைக்குப் பயன்படுத்திய வழக்கமும் அண்மை ஆண்டுகளில் உலகெங்கும் பேசப்பட்டு, அரிசி நீர் என்பது தூரதேசத்து இரகசியமாகத் தமிழ்நாட்டுக்கே திரும்பி வந்திருப்பது சற்று வேடிக்கையானது. வடிகஞ்சி வீட்டைவிட்டுப் போனதற்கு ஷாம்பு காரணமன்று, குக்கரே காரணம். அளந்த நீரில் சோறு வேகத் தொடங்கிய நாளில் வடிக்க எதுவும் மிஞ்சவில்லை. கஞ்சி இல்லாமல் வெந்நீரில் கரைத்த சீயக்காய் முரமுரவென்று தலையில் தங்கி, காய்ந்த பின் பொடியாக உதிர்ந்தது. சீயக்காய் வேண்டாம் என்று வீட்டுப் பெண்பிள்ளைகள் சொல்லத் தொடங்கியதில் இந்தச் சிறு மாற்றத்துக்கும் பங்கிருக்க வேண்டும்.

எண்ணெயிலும் சிறு சிக்கல் உண்டு. இவ்வட்டாரத்தில் முழுக்குக்கு உரியது நல்லெண்ணெய், அன்றாடம் தலைவாரத் தேங்காயெண்ணெய் என்பதே பொதுவான வழக்கு. எள்ளும் நிலக்கடலையும் விளையும் மாவட்டம் இது, விருத்தாசலத்து வேளாண் ஆராய்ச்சி நிலையம் தன் ஊர்ப் பெயரின் சுருக்கத்தைச் சூட்டியே எள், நிலக்கடலை ரகங்களை வெளியிட்டிருக்கிறது. நல்லெண்ணெய் உடம்புச் சூட்டைத் தணிக்கும் என்பது சித்த மருத்துவத்தின் கூற்று. எண்ணெய் முழுக்குக்கு வெந்நீரே ஏற்றது என்பது தேரையர் பெயரால் வழங்கும் நோயணுகா விதியின் அறிவுரை. முடித்தண்டை மட்டும் எடுத்துக்கொண்டால் ஆய்வுகள் தேங்காயெண்ணெயின் பக்கம் சாய்கின்றன. 2003இல் ரேலே, மோஹிலே என்னும் இரு ஆய்வாளர்கள் தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு, முதலாவது மட்டுமே முடியிலிருந்து புரதம் கழிவதைக் கணிசமாகக் குறைத்ததாக வெளியிட்டார்கள். தேங்காயெண்ணெயில் மிகுந்துள்ள லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியது, நேர்ச்சங்கிலியாக அமைந்தது, முடிப் புரதத்தோடு ஒட்டும் இயல்புடையது. அதனால் அது செதில்களைக் கடந்து தண்டின் உட்புறத்துக்குச் செல்கிறது. நீரில் ஊறும்போது முடி உப்புவதும் காயும்போது சுருங்குவதும் மீண்டும் மீண்டும் நிகழ்வதே அதனை உள்ளிருந்து பிளப்பது. உள்ளே சென்ற எண்ணெய் அந்த உப்பலைக் குறைக்கிறது. இந்த ஆய்வு தேங்காயெண்ணெய் விற்கும் நிறுவனம் ஒன்றின் ஆய்வகத்தில் நடந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், ஆயினும் எண்ணெய் முடிக்குள் ஊடுருவுவதை வேறு முறைகளால் ஆராய்ந்தவர்களும் இதற்கு இசைவான முடிவையே கண்டார்கள். நல்லெண்ணெயில் மிகுந்திருப்பவை ஒலியிக், லினோலியிக் என்னும் பெரிய மூலக்கூறுகள். அவை பெரும்பாலும் மேற்பரப்பில் தங்கி வழவழப்பைத் தருபவை. ஆக, குளிப்பதற்கு முன் எண்ணெய் வைப்பது என்னும் மரபு அறிவியலின் ஒப்புதலைப் பெறுகிறது, எந்த எண்ணெய் என்பதில் மட்டும் கருத்து மாறுகிறது. பொடுகு உள்ளவர்களுக்கு அந்த ஒப்புதலும் கிடையாது. பொடுகுக்குக் காரணமான மலசீசியா என்னும் பூஞ்சை எண்ணெய்ப்பசையை உண்டு வாழ்வதாகையால், வைத்த எண்ணெயை நாள்கணக்கில் விட்டுவைப்பது அதற்கு விருந்து வைப்பதாகும். நெல்வயல் வரப்புகளில் படரும் பொடுதலை இலையை எண்ணெயில் காய்ச்சித் தேய்க்கும் வைத்தியம் இங்கே உண்டு. இலைக்கு உள்ள நற்பெயரில் எண்ணெய்க்குப் பங்கில்லை.

வெந்தயமும் செம்பருத்தி இலையும் ஒரே காரணத்தால் பயன்படுபவை. ஊறவைத்து அரைத்த வெந்தயத்தின் கொழகொழப்பு கேலக்டோமன்னன் என்னும் பசைச் சர்க்கரையால் ஆனது. செம்பருத்தி இலையைக் கசக்கிப் பிழிந்தால் வருவதும் அதைப் போன்ற தாவரப் பசையே. இவை முடிக்கு வழுக்கலைத் தருகின்றன, சிக்கைத் தளர்த்துகின்றன, ஈரத்தைச் சிறிது நேரம் பிடித்துவைக்கின்றன. கடையில் கண்டிஷனர் என்று விற்கப்படுவதன் வேலையும் ஏறத்தாழ இதுவே. தயிரின் மெல்லிய அமிலமும் எலுமிச்சைச் சாற்றின் வலிய அமிலமும் செதில்களைப் படியவைக்கும் வேலையைச் செய்கின்றன. முட்டையைப் பற்றிப் பெரும் நம்பிக்கை இருப்பினும், அதன் புரத மூலக்கூறுகள் முடிக்குள் நுழைய முடியாத அளவு பெரியவை. மேலே படிந்து அலசலில் போய்விடும், வெந்நீர் ஊற்றினால் போகாமல் வெந்து ஒட்டிக்கொள்ளும் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். நிறமூட்டுவதில் மருதாணியின் உரிமை ஐயத்துக்கு அப்பாற்பட்டது. அதிலுள்ள லாசோன் என்னும் சாயம் கெரட்டின் புரதத்தோடு நேரடியாகப் பிணைகிறது. மருதாணியோடு நெல்லிப்பொடியும் தேயிலை டிகாஷனும் சேர்த்து இரும்புச் சட்டியில் இரவு முழுவதும் வைப்பது, துவர்ப்பொருளும் இரும்பும் சேர்ந்தால் கருமை பிறக்கும் என்னும் பழைய வேதியியலே. கடுக்காயும் அன்னபேதியும் கொண்டு மை காய்ச்சிய கணக்கர்களுக்கு அது தெரிந்திருந்தது.

இதுவரை சொன்னவை யாவும் முடித்தண்டைப் பற்றியவை, அதாவது ஏற்கெனவே வளர்ந்து வெளியே வந்து உயிரற்றுக் கிடக்கும் பகுதியைப் பற்றியவை. முடி வளர்வதோ தோலுக்கடியில் உள்ள மயிர்க்காலில். இந்த வேறுபாடு மங்கும் இடத்தில்தான் வீட்டுக் குறிப்பு மருந்தாக வேடமிடத் தொடங்குகிறது. முடியை வளர்க்கும் என்று இவ்வட்டாரத்தில் மிகுதியாக நம்பப்படும் மூலிகை கரிசலாங்கண்ணி. கடலூர் மாவட்டத்து மருதூரில் பிறந்து வடலூரில் 1867இல் சத்திய தருமச்சாலையையும் 1872இல் சத்திய ஞான சபையையும் நிறுவிய வள்ளலார் அதனை உணவாகக் கொள்ளும்படி வற்புறுத்தியதால், சன்மார்க்க அன்பர்களிடையே அதற்குத் தனி மதிப்பு உண்டு. அவர் வற்புறுத்தியது உடல்நலத்துக்கும் அறிவுத் தெளிவுக்குமாக உண்ணும் கீரையை. தலைக்குத் தேய்க்கும் தைலமாக மட்டும் அது சுருங்கியது வணிகத்தின் வேலை. எலி, சுண்டெலி ஆகியவற்றின்மேல் கரிசலாங்கண்ணிச் சாரத்தைத் தடவி நடத்திய ஆய்வுகளில் மயிர்க்கால்கள் வளர்ச்சிக் கட்டத்துக்கு விரைவில் திரும்பியதாக முடிவுகள் வந்துள்ளன. செம்பருத்தியை 2003இல் எலிகளில் ஆராய்ந்தவர்கள் சென்னை அடையாற்றிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தினர். தோலிலிருந்து மயிரை நீக்கும் வழிகளை ஆராய்வதைப் பெரும் பணியாகக் கொண்ட நிலையம் மயிரை வளர்க்கவும் முயன்றது என்பதைக் குறிப்பிடாமல் போக மனம் வரவில்லை. பூவின் சாரத்தைவிட இலையின் சாரமே வலியது என்பது அவர்கள் கண்ட முடிவு. ஆயினும் எலியின் மயிர்ச் சுழற்சி வேறு, மனிதத் தலையின் சுழற்சி வேறு. எலியில் விளைந்தது மனிதரில் விளையும் என்று சொல்ல இந்த ஆய்வுகள் போதாதவை.

மனிதர்களிடமே சோதிக்கப்பட்ட சமையற்கட்டுப் பொருள் ஒன்று உண்டு, அது வெங்காயம். தலையில் காசளவு வட்டமாக முடி உதிரும் புழுவெட்டுக்குச் சின்ன வெங்காயத்தை வெட்டித் தேய்ப்பது தமிழ்நாட்டு வீடுகள் அறிந்த வைத்தியம். இதற்குத் தொடர்பில்லாமல் பாக்தாத் நகரில் ஷார்க்கி, அல் ஒபைதி ஆகிய தோல் மருத்துவர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வில், 23 நோயாளிகள் வெங்காயச் சாற்றையும் 15 பேர் வெறும் குழாய் நீரையும் நாளுக்கு இருமுறை தடவினார்கள். ஆறு வாரத்தில் முதல் குழுவில் 20 பேருக்கு முடி முளைத்தது, இரண்டாம் குழுவில் எட்டு வாரம் கழிந்தும் இருவருக்கு மட்டுமே. புழுவெட்டு என்பது புழு வெட்டியதன்று, உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலே மயிர்க்காலைத் தாக்குவது. சிறிய திட்டுகள் பல நேரம் தாமே சரியாகிவிடுவதும் உண்டு. சிறிய ஆய்வு, அதிலும் எது வெங்காயம் என்பதை மணமே காட்டிக்கொடுத்துவிடும் ஆய்வு என்பதால் இதனை முடிந்த முடிவாகக் கொள்ள இயலாது. அதைவிட முக்கியமானது, பரம்பரையாக வரும் வழுக்கைக்கு இந்த ஆய்வு எதையும் சொல்லவில்லை என்பது. ஆனால் வெங்காயத் தைலம் விற்பவர்கள் சொல்வது அதைத்தான்.

வீட்டு வைத்தியங்கள் முடியை வளர்த்தன என்று நேர்மையாகச் சாட்சி சொல்பவர்கள் பலர் இருப்பதற்கும் காரணம் உண்டு. கடும் காய்ச்சலுக்குப் பின்னரும் மகப்பேற்றுக்குப் பின்னரும் இரண்டு, மூன்று மாதம் கழித்து முடி கொத்துக் கொத்தாக உதிர்வது இயல்பு. உடல் அதிர்ச்சியால் ஒரே நேரத்தில் ஓய்வுக் கட்டத்துக்குப் போன மயிர்க்கால்கள் பழைய முடியைக் கழற்றுவதே அது. சில மாதங்களில் அது தானே நின்று புதுமுடி வரும். உதிர்வு உச்சத்தில் இருக்கும்போது தொடங்கிய எந்தத் தைலமும் அதன் பின் வரும் இயற்கையான மீட்சிக்கு உரிமை கொண்டாட முடியும். இந்தியச் சட்டம் இதில் எச்சரிக்கையாகவே இருந்திருக்கிறது. 1945ஆம் ஆண்டு மருந்து, அழகுப்பொருள் விதிகளின் ஜே அட்டவணை, எந்த மருந்தும் தீர்ப்பதாக உரிமை கொண்டாடக் கூடாத நிலைகளில் வழுக்கையையும் புதுமுடி வளர்ச்சியையும் இளநரையையும் சேர்த்திருக்கிறது. பேருந்து நிலையச் சுவர்களில் அந்த அட்டவணையைப் படித்தவர்கள் எழுதியதாகத் தோன்றும் விளம்பரம் ஒன்றும் இல்லை.

ஷாம்பு என்னும் சொல்லே இந்தியாவிலிருந்து போனது. அமுக்கிப் பிடித்துவிடுவதைக் குறிக்கும் இந்திச் சொல்லிலிருந்து அது ஆங்கிலத்துக்குச் சென்றது. பாட்னாவில் பிறந்த ஷேக் தீன் முகமது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நீராவிக் குளியலும் உடம்பு பிடித்தலும் நடத்தி அச்சொல்லைப் பரப்பினார். எண்ணெய் தேய்க்கும் கையைக் குறித்த சொல் நுரைக்கும் குப்பியைக் குறிக்கத் தொடங்கி, இருபதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டுக்குத் திரும்பிய போது, அந்தக் குப்பி நகரத்து வசதி படைத்தவர்களின் பொருளாக இருந்தது. அதனைக் கூலித் தொழிலாளியின் கைக்கு எட்டச் செய்யலாம் என்று எண்ணியவர் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன். பெரிய அளவில் விற்கப்பட்ட பொருள்களை மிகச் சிறிய உறைகளில் அடைத்து விற்பதே அவருடைய உத்தி. அது அவர் பிள்ளைகளின் கையில் வெல்வெட் ஷாம்பு பாக்கெட்டாக நாடெங்கும் பரவியது. குடும்பத் தொழிலிலிருந்து பிரிந்த மகன் சி. கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாயோடு சிக் இந்தியா நிறுவனத்தைத் தொடங்கினார். சிக் என்னும் பெயர் தந்தையின் பெயரைச் சுருக்கியது. ஐந்து காலி உறைகளைக் கொடுத்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்னும் திட்டமும், பின்னர் வந்த 50 காசு விலையும் கிராமத்துப் பெட்டிக்கடைக் கயிற்றில் அதற்கு நிரந்தர இடத்தைத் தந்தன. 1998இல் நிறுவனம் கெவின்கேர் ஆயிற்று. அழகு எனப் பொருள்படும் கவின் என்னும் தமிழ்ச்சொல் அதில் ஒளிந்திருக்கிறது.

இந்த வெற்றியை மேற்கத்திய மோகம் என்றும், மரபை மறந்த பேதைமை என்றும் சொல்லிவிடுவது எளிது, ஆனால் அது உண்மையைத் தொடாது. சீயக்காயோடு போட்டியிட்டபோது பாக்கெட் அதனைவிட நன்றாக அழுக்கெடுத்ததால் வெல்லவில்லை, நேரத்தால் வென்றது. காயவைப்பது, மில்லுக்குத் தூக்கிப் போவது, சலிப்பது, கஞ்சி எடுத்துவைப்பது, குளியலறைத் தரையையும் கறைபட்ட துண்டையும் கழுவுவது ஆகிய அத்தனையும் ஊதியமில்லாத பெண்ணுழைப்பு. நடவுக்கும் முந்திரிக்கொட்டை உடைக்கவும் கூலிக்குப் போகும் பெண்ணுக்கு வெள்ளிக்கிழமை அரை நாள் என்பது அரை நாள் கூலி. அவளுக்கு ஐந்து நிமிடத்தில் முடியும் ஒரு உறை எதைக் கொடுத்தது என்பதை, மொட்டைமாடியில் காயவைக்க வேலையாள் வைத்திருந்த வீடுகளின் நினைவுகளைக் கொண்டு அளக்க முடியாது. மறுபக்கத்தில், பல அடுக்குகள் ஒட்டிய அந்தச் சிறு உறை மட்காதது, மறுசுழற்சிக்குப் பிரிக்க முடியாதது, பொறுக்கி விற்றாலும் விலை போகாதது. 50 காசுக்கு வாங்கியதன் எச்சம் வாய்க்காலிலும் கழிமுகத்திலும் தங்கும் காலத்துக்கு யாரும் விலை வைக்கவில்லை. சிக் பாக்கெட்டை விற்ற அதே நிறுவனம் மீரா என்னும் பெயரில் சீயக்காய்த் தூளையும் விற்றது, அதுவும் நன்றாக விற்றது. சீயக்காயை மக்கள் வெறுத்ததில்லை, அதைச் செய்யும் வேலையைத்தான் விட்டுவிட விரும்பினார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. இன்று மூலிகைப் பெயர் தாங்கி வரும் ஷாம்புகள் பெரும்பாலானவற்றில் அழுக்கெடுக்கும் வேலையைச் செயற்கை நுரைபொருள்களே செய்கின்றன. முகப்பில் படமாக இருக்கும் செம்பருத்தியும் கறிவேப்பிலையும் பின்பக்கப் பட்டியலில் எத்தனையாவது இடத்தில் வருகின்றன என்று பார்ப்பது பயனுள்ள பழக்கம், ஏனெனில் பொதுவாக அளவில் மிகுந்தது முதலில் எழுதப்படும்.

இயற்கையானது ஆகவே தீங்கற்றது என்னும் எண்ணத்துக்குச் சிதம்பரமே மறுப்பாக நிற்கிறது. அவ்வூருக்குத் தில்லை என்று பெயர் தந்த மரம் பிச்சாவரத்துச் சதுப்பில் இன்றும் வளர்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையையே பறிக்கக் கூடியது. சமையற்கட்டில் அத்தனை கொடியது இல்லையென்றாலும், எலுமிச்சைச் சாற்றைத் தலையில் தடவிக்கொண்டு வெயிலில் நின்றால் தோல் கருகும். கலவைப் பொடிகளில் சேர்க்கப்படும் கார்போகரிசிக்கும் வெயிலோடு அதே பகை உண்டு. விளக்கெண்ணெயை மிகுதியாகத் தேய்த்துக் கழுவிய நீண்ட கூந்தல் பிரிக்கவே முடியாத கம்பளிக் கட்டியாக இறுகிப்போன நிகழ்வு 2017இல் முடியியல் ஆய்விதழ் ஒன்றில் பதிவாகியிருக்கிறது. கருப்பு மருதாணி என்று விற்கப்படுவதில் மருதாணி அல்லாத ஒரு செயற்கைச் சாயம் பெரும்பாலும் கலந்திருக்கும். உச்சந்தலை வீங்கி மருத்துவமனைக்கு வருகிறவர்களில் பலர் அதை இயற்கை என்று நம்பியே வாங்கியவர்கள்.

வீட்டில் இன்றும் செய்யத் தகுந்தவை என்று பார்த்தால், குளிப்பதற்குச் சில மணி நேரத்துக்கு முன் அளவாகத் தேங்காயெண்ணெய், கண்ணில் படாமல் கஞ்சியில் குழைத்த சீயக்காய் அல்லது அரப்பு, இறுதியில் வெந்தயப் பசையோ செம்பருத்தி இலைச்சாறோ என்று பட்டியல் குறுகியதாகவே இருக்கும். இவற்றில் எண்ணெயும் தூளும் பாக்கெட்டுக்குள் போய்விட்டன. ஊறிய வெந்தயத்தின் பசையும் வடித்த கஞ்சியும் மட்டும் அதற்கு இணங்கவில்லை. பதப்படுத்தும் பொருள் சேர்க்காமல் வைத்தால் இரண்டும் கடலூர் வெயிலில் மறுநாள் காலைக்குள் புளித்து நுரைத்துவிடுகின்றன.